ஈட்டன் காட்டிய மலிவு விளம்பரம்

டொராண்டோ ஈட்டன் சென்டருக்குப் போகாத நம்மவர் குறைவு. அந்தப் பெயருக்குரிய டிமத்தி ஈட்டனும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்து வந்தவர்தான். 1834இல் அயர்லாந்தில் பிறந்தவர், 1869இல் யங் தெருவில் ஒரு துணிக்கடையை வாங்கினார். பேரம் கிடையாது, கடன் கிடையாது. பொருள் திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். அந்த நம்பிக்கையே பெரிய விளம்பரம் ஆனது.

1884இல் 32 பக்க விலைப்பட்டியல் அச்சடித்து, டொராண்டோ கண்காட்சிக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்தார். தபால் வழியே வியாபாரம் ஊரூராகப் பரவியது. 1905இல் அவர் கடை தொடங்கிவைத்த சாண்டா கிளாஸ் ஊர்வலம் இன்றும் நடக்கிறது. 1907இல் அவர் காலமானார்.

ஸ்காபரோவில் புதுசா மசாலாத்தூள் வியாபாரம் தொடங்குகிறவர்கள் சேமிப்பையெல்லாம் விளம்பரத்தில் கொட்டுவதைப் பார்க்கிறேன். ஐ.டி. வேலைக்காரனான நான் சொல்வது இதுதான்: முதலில் கோயில் திருவிழாவில் சின்னப் பொட்டலம் கொடுங்க. பிடிக்கலைன்னா காசைத் திருப்பிக் கொடுங்க.