காசுக் கணக்குக்கு ஒரு மொழி: கிரேஸ் ஹோப்பர்

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலை இழந்த அமெரிக்கர்கள் அரச கொடுப்பனவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். நியூ ஜேர்சி மாநிலத்தின் பழைய கணினிகள் திணறின. கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று ஆளுநரே பகிரங்கமாகக் கேட்டார். எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. கணினி கற்ற நாட்களில், செத்த மொழி என்று நினைத்து அதை நான் தொடாமலே விட்டிருந்தேன். அதன் பின்னால் நின்ற பெண்ணைப் பற்றி அப்போதுதான் தேடிப் படித்தேன்.

கிரேஸ் ஹோப்பர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயோர்க்கில் பிறந்தவர். 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கற்பித்தார். உலகப் போரின்போது, வயது கூடியவர், எடை குறைந்தவர் என்ற தடைகளைத் தாண்டிக் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்தார். ஹார்வர்டில் மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதும் வேலை கிடைத்தது.

அன்றைய நிரல்கள் வெறும் இலக்கங்கள். ஓர் இலக்கம் பிசகினால் எல்லாமே பிழைத்துவிடும். ஏற்கனவே எழுதிய நிரல் துண்டுகளைக் கணினியே எடுத்துக் கோர்க்கட்டும் என்று 1952 இல் ஏ-0 என்ற கொம்பைலரைச் செய்தார். அடுத்து, வணிகக் கணக்குகளை ஆங்கிலச் சொற்களிலேயே எழுதவைக்கும் ஃப்ளோ-மெட்டிக் வந்தது. 1959 இல் ஒரு குழு கோபோலை வடிவமைக்கத் தொடங்கியபோது, அவர் ஆலோசகராக இருந்தார். கோபோல் அவர் ஒருவரின் படைப்பல்ல. ஆனால் அதன் அத்திவாரம் ஃப்ளோ-மெட்டிக்.

கோபோல் பணத்தைத் தசம இலக்கங்களாகவே கணக்கிடும். பல மொழிகள் பின்னங்களை இரும எண்ணில் வைக்கும்போது வரும் நுண்ணிய வழு இதில் இல்லை. வங்கிகள் அதை இன்னும் விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1966 இல் ஓய்வு பெற்றவரை, மொழிகளைத் தரப்படுத்தவென்று அடுத்த ஆண்டே கடற்படை ஆறு மாதத்துக்குத் திருப்பி அழைத்தது. கடைசியாக 1986 இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக விடைபெற்றார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார்.

பழைய வழக்கம் என்பதற்காக ஒன்றைத் தொடர்வதை அவர் வெறுத்தார். அதை நினைவூட்ட, இடஞ்சுழியாக ஓடும் கடிகாரம் ஒன்றை அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் இருந்திருந்தால், கோபோலைக் கட்டிப்பிடித்திருக்கச் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால், மாற்றீடு செய்யாமலும் அதைப் பராமரிக்க ஆட்களைப் பழக்காமலும் விட்டவர்களை அவர் மன்னித்திருக்கவும் மாட்டார். அந்த அலட்சியத்தின் விலையைக் கொடுத்தவர்கள், கொடுப்பனவுக்குக் காத்திருந்தவர்கள்தான்.