அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்). அன்னார் இயற்றிய அத்தஸ்ரீஃப் நூலின் 30 பாகங்களுள் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது.

ஒருமுறை பணிப்பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள். அழைக்கப்பட்டு வந்த அன்னார் காயத்தைக் கூர்ந்து நோக்கினார். பெரிய இரத்தக் குழாய்கள் அறுபடவில்லை. காயத்தின் வழியே மூச்சுக்காற்று வெளியேறிற்று. தையலிட்டுச் சிகிச்சையளித்தார். காயம் ஆறியது, குரலில் கரகரப்பு மட்டுமே எஞ்சியது.

காயம் பட்டதும் இரத்தம் உறைகிறது. சிதைந்த திசுக்கள் விடுக்கும் சமிக்ஞையால் வெள்ளை அணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை அழிக்கின்றன. பின்னர் புதிய திசு வளர்கிறது என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது. தைப்பவர் மருத்துவர், ஆற்றுபவன் அல்லாஹ்.

எனினும், கல்லாதவன் கத்தியெடுப்பதை அன்னார் வன்மையாகக் கண்டித்தார். கழுத்துக் கட்டியைக் கீறிய அறிவற்ற மருத்துவன் ஒருவன் இரத்தக் குழாய்களையும் அறுத்துவிட, நோயாளிப் பெண் அவன் முன்னிலையிலேயே மாண்டதை நேரில் கண்டவர் அவர். உடற்கூறு கற்ற பின்னரே அறுவை செய்ய வேண்டும் என வலியுறுத்தினார்.

சுமார் 1013இல் அன்னார் மறைந்தார். 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூற்பகுதி ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பாடமாயிற்று. நம் பிள்ளைகளும் மார்க்கக் கல்வியோடு இத்தகைய பயனுள்ள கல்வியையும் பெற அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.