ஆறுமுக நாவலரின் விவிலியப் பயிற்சி

ஆறுமுக நாவலரின் (1822–1879) வாழ்க்கையை எழுதியோர், அவர் கிறித்தவப் பாடசாலையில் கழித்த ஆண்டுகளைப் பெரும்பாலும் இருவகையாகக் கடந்து செல்கின்றனர். ஒரு சாரார் அவற்றைச் சைவப் பணிக்கு முற்பட்ட பிழைப்புக் காலமாகக் கருதிச் சில வரிகளில் முடிப்பர். மற்றொரு சாரார் விவிலிய மொழிபெயர்ப்பை அவருடைய தமிழ்ப் புலமைக்குரிய சான்றாக மட்டும் காட்டுவர். கிறித்துவை ஏற்காத ஒருவர் கிறித்தவ மறைநூலை ஆண்டுக்கணக்கில் சொல் சொல்லாக ஆராய்ந்து படித்தார் என்பது இரு சாராரிடத்தும் போதிய கவனம் பெறவில்லை. 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் என்னும் கண்டன நூல் இப்பயிற்சியின்றித் தோன்றியிருக்க இயலாது.

நாவலர் 1822 திசம்பர் 18இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலக் கல்விக்கு அவர் நாடியது வெஸ்லியன் மிஷன் பாடசாலை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியும் அதன்வழி வரும் உத்தியோகமும் பெரிதும் மிஷன்களின் கையில் இருந்தன. அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவினர். 1841இல் உதயதாரகை இதழைத் தொடங்கினர். கல்விக்காகச் சென்று மதம் மாறியோர் பலர். பெயரளவில் மாறியோரும் உளர். ஆறுமுகம்பிள்ளை மாறவில்லை. திருநீறணிந்த சைவராகவே அங்குக் கற்றார். அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

பாடசாலைத் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தமிழில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவர். சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்ட புதிய ஏற்பாடும், பின்னர் பப்ரிசியசு ஆக்கிய மொழிபெயர்ப்பும் வழக்கில் இருந்தபோதிலும், கற்றறிந்த தமிழர் மதிக்கத்தக்க நடையில் விவிலியத்தைப் புதிதாகப் பெயர்க்க அவர் விழைந்தார். அதற்குத் துணையாக அவர் தேர்ந்தது தம் பாடசாலையின் சைவ இளைஞரை. மூலத்தின் பொருளைச் சொல்ல வல்லவர் பாதிரியார். தமிழ்த் தொடரின் செம்மையை அறிந்தவர் அவ்விளைஞர்.

இப்பணியின் தன்மை ஊன்றி நோக்கத்தக்கது. விசுவாசி தமக்கு உவப்பான பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஏனையவற்றைக் கடந்து செல்லலாம். மொழிபெயர்ப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. மலைப்பொழிவுக்குச் சொல் தேடும் அதே கவனத்துடன், யாத்திராகமத்தின் ஆசாரிப்புக் கூடாரத்தையும், விளக்குத் தண்டையும், தூபபீடத்தையும், குருக்களின் அங்கிகளையும் அவர் தமிழில் விவரித்தாக வேண்டும். லேவியராகமத்தின் பலி விதிகளும் தீட்டுக் கழிக்கும் முறைகளும் போதகர்தம் பிரசங்கங்களில் அருகியே இடம்பெறுவன. சிவாகமக் கிரியைகளோடு பழகிய ஒருவருக்கோ அவை மிக அணுக்கமாகத் தோன்றியிருக்கும். சாதியொழுங்கைப் பேணிய நாவலருக்குத் தூய்மை பற்றிய அவ்விதிகள் அயலாக இருந்திரா என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

1847 திசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் மிஷன் பாடசாலைப் பணியை விடவில்லை. விவிலியப் பணியும் சைவப் பிரசங்கமும் ஒருவரிடத்தே சிலகாலம் உடனிகழ்ந்தன. 1848இல் அப்பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பெர்சிவலுடன் சென்னை சென்றபோது, மழவை மகாலிங்கையர் அம்மொழிபெயர்ப்பின் நடையை ஏற்றுப் பாராட்டினார் என்று நாவலர் சரித்திரங்கள் கூறும். 1849இல் அச்சியந்திரம் வாங்க மீண்டும் தமிழகம் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. மறு ஆண்டே, 1850இல், பெர்சிவலின் பைபிள் அச்சாகி வெளிவந்தது. ஆதீனம் பட்டமளித்த புலமையும் அந்தப் பைபிளின் நடைக்குத் துணைநின்ற புலமையும் ஒன்றே.

அம்மொழிபெயர்ப்பை நாவலரின் தனிப்படைப்பாகக் கொள்வது மிகை. அது பெர்சிவலின் தலைமையில் நிகழ்ந்த கூட்டுமுயற்சி. பப்ரிசியசின் சொற்களில் தோய்ந்த தமிழகத்துத் திருச்சபையார் பலர் அதனை விரும்பவில்லை. எனினும் 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு அதிலிருந்தும் எடுத்துக்கொண்டது. பப்ரிசியசின் பராபரன் என்னும் சொல்லுக்கு மாறாகத் தேவன் என்பது நிலைபெற்றது. சைவ சித்தாந்தத்தில் இறைவன் பதி, தேவரோ பசுக்கள். விவிலியத்தின் கடவுளைத் தேவன் என வழங்கிய நூலின் பணியில் ஒரு சித்தாந்தியும் இருந்தார் என்பது எண்ணத்தக்கது.

கோயில் வழிபாட்டையும் திருநீற்றையும் இலிங்கத்தையும் மிஷனார் துண்டுப் பிரசுரங்கள் இகழ்ந்துவந்தன. அவற்றுக்கு விடையாகவே சைவதூஷண பரிகாரம் எழுந்தது. விவிலியத்தைப் பொய்யென்று தள்ளிவிடுவது எளிய வழி. நாவலர் அதனைச் சான்றாக நிறுத்தினார். விளக்கும் தூபமும் படையலும் அவர்தம் கடவுளே விதித்தவை. இயேசுவும் எருசலேம் ஆலயத்துக்குச் சென்றவர், பஸ்கா ஆசரித்தவர். ஆகவே கிரியைகளைப் பழிக்கும் போதகர் தம் நூலையே பழிக்கின்றனர் என்பது அவர் வாதத்தின் போக்கு. பழைய உடன்படிக்கையின் சடங்குகள் கிறித்துவில் நிறைவேறி முடிந்தன என்பது கிறித்தவ இறையியலின் கொள்கை. முன்னது பின்னதன் நிழல் என்னும் இவ்வாசிப்பு முறை நாவலருக்கு உரியதன்று. விதி என்றால் விதி எனக் கொண்டு, ஆகமத்தைப் படிக்கும் கண்ணாலேயே அவர் விவிலியத்தையும் படித்தார். அவருடைய வாதத்தின் வலிமையும் குறையும் இவ்வொன்றிலேயே உள்ளன.

விவிலியத்தைக் கையில் எடுத்தறியாத சைவரும் போதகருக்கு விடைகூற அந்நூல் கைந்நூலாகப் பயன்பட்டது. வெஸ்லியன் மிஷனாரும் அதில் காணும் விவிலிய அறிவை வியந்து குறித்தனர். அவ்வறிவு தம் பாடசாலையிலேயே பெறப்பட்டது என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர்.