எட்டு வயது வாத்தியாரும் எழும்பூர் மணலும்

எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறாத தென்மாவட்டத்துக்காரர் இங்கே அமெரிக்காவில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். பாண்டியனையோ நெல்லையையோ பிடிக்க மூட்டை முடிச்சோடு நாம் ஓடிய அந்த இடத்தில், ரயில் வருவதற்கு நூறு வருஷம் முன்னால் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. கோட்டைக்குள் ஓர் அனாதைப் பள்ளி. நம் பிள்ளைகளின் ஆசிரியர்கள் எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் செப்டம்பர் மாதம் நம்மை உட்கார வைத்துப் பெருமையாக விளக்குகிறார்களே, குழுவாகக் கற்பது, தானாகக் கற்பது என்று, அந்த யோசனைகளின் பழைய வேர்களில் ஒன்று அந்தப் பள்ளியில் இருக்கிறது. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், ராஜாக்களுக்கும் கவிஞர்களுக்கும் நடுவில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். அவர் நினைவுக்கல்லில் மெட்ராஸ் என்ற பெயர் இருக்கிறது.

பெரிய மனிதர்தான். நல்லவரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

பெல் 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். பையன் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே கணக்கும் அறிவியலும் படித்துவிட்டு, 1774-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஆமாம், நம்மை மாதிரியேதான். வர்ஜீனியாவில் ஒரு பணக்காரப் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை. அந்தத் தோட்டக்காரர் கார்ட்டர் ப்ராக்ஸ்டன், 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். சுற்றிலும் போர் நடக்க, பெல் பாடமும் சொல்லிக்கொடுத்து, புகையிலை வியாபாரத்திலும் கொஞ்சம் காசு பார்த்து, 1781-இல் ஊர் திரும்பினார். போகிற வழியில் கப்பல் உடைந்து உயிர் தப்பியது தனிக்கதை.

பிறகு இங்கிலாந்துத் திருச்சபையில் பாதிரியாராகி, 1787-இல் இந்தியாவுக்குக் கிளம்பினார். போக நினைத்தது கல்கத்தாவுக்கு. வழியில் மெட்ராஸில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு ரெஜிமென்ட்டுக்குப் பாதிரியார் என்று ஆரம்பித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பதவிகளைச் சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் சம்பளம் உண்டு, வேலை அவ்வளவாகக் கிடையாது. அறிவியல் சோதனைகளைக் காட்டி விரிவுரை நடத்தி அதிலும் சம்பாதித்தார். பணத்தில் அவருக்கு இருந்த ஆசையை அவருடைய நண்பர்கள்கூட மறைக்கவில்லை. அப்படிப்பட்டவர் 1789-இல் எழும்பூர் அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாக்கள் கம்பெனியின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அம்மாக்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். அப்பா செத்துப்போனாலோ, ஊர் மாறிப்போனாலோ, கைவிட்டாலோ பையன் அனாதைக் கணக்கில் சேர்ந்துவிடுவான், அம்மா உயிரோடு இருந்தாலும்கூட. தாயிடம் வளர்ந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அன்றைய வெள்ளைக்கார மெட்ராஸின் நினைப்பு. பெல்லும் அதில் விலக்கில்லை.

பள்ளியில் இருந்த ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்பது அவர் புகார். எழுத்து கற்றுக்கொள்ளவே பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு மலபார் பள்ளியைப் பார்த்தார். மலபார் என்றதும் கேரளாவுக்குப் போய்விடாதீர்கள். அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆக அது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, வாயால் சொல்லி, கையால் அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெல் திரும்பி வந்து, ஆனா ஆவன்னா வகுப்பு வாத்தியாரிடம் இதேபோல் மணலில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவர் மனமில்லாமல் செய்தாரோ, முடியாமல் விட்டாரோ, காரியம் நடக்கவில்லை. பெல்லுக்குக் கோபம் வந்தது. மேல் வகுப்பிலிருந்து ஜான் ஃப்ரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு, இனி இந்த வகுப்புக்கு நீதான் வாத்தியார் என்று விட்டுவிட்டார். ஃப்ரிஸ்கனுக்கு வயது எட்டு. சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகன்.

பெரியவரால் முடியாததைப் பையன் முடித்துக் காட்டினான். பிள்ளைகள் வேகமாக எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் பெல் மாணவர்களையே வாத்தியாராகப் போட்டார். கொஞ்ச காலத்தில் சுமார் 200 பையன்கள் இருந்த பள்ளியில் பெரும்பாலான பாடத்தைப் பையன்களே நடத்தினார்கள். நன்றாகப் படிக்கிறவன் பக்கத்தில் தடுமாறுகிறவனை உட்கார வைத்து, அவனுக்கு இவன் பொறுப்பு என்று ஜோடி சேர்த்தார். தப்பு செய்தவன் பெயர் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை பையன்களே கூடி விசாரித்துத் தண்டனை சொல்வார்கள். பிரம்புக்கு வேலை குறைந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பையன் ஃப்ரிஸ்கன் இல்லை, வில்லியம் ஸ்மித். 1794-இல் திப்பு சுல்தானின் பிணைக்கைதிகளாக இருந்த இரண்டு மகன்களையும் ஆங்கிலேயர்கள் திருப்பி அனுப்பியபோது, கூடப் போன குழுவில் 17 வயது ஸ்மித்தும் இருந்தான். அறிவியல் கருவிகளை எடுத்துப்போய் திப்புவின் முன்னால் சோதனைகள் செய்து காட்டினான். எழும்பூர் அனாதைப் பையன் மைசூர்ப் புலிக்குப் பாடம் எடுத்திருக்கிறான்!

மணலில் அப்படி என்ன இருக்கிறது? நான் இதை ஒரு கருவியாகப் பார்க்கிறேன், க்ரோம்புக் மாதிரி. ஓலையில் எழுத்தாணியால் கீறினால் அழிக்க முடியாது. அன்றைக்குக் காகிதம் விலை அதிகம். தப்பாக எழுதினால் நஷ்டம், அடி. மணலில் தப்புக்கு விலையே இல்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், யாரும் கணக்கு வைப்பதில்லை. அதைவிட முக்கியம், என் மணலில் நான் எழுதுவது பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். அவன் கை நீட்டித் திருத்தலாம். இன்றைக்குப் பிள்ளைகள் கையில் இருக்கிற திரையில் முதல் வசதி தாராளமாக இருக்கிறது. இரண்டாவது வசதி பெரும்பாலும் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு தீவாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் தானாகக் கற்றல் என்றுதான் பெயர் சொல்கிறார்கள்.

மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது யாருடைய கண்டுபிடிப்பு? மணலைத் தமிழர்களிடமிருந்து எடுத்ததாக பெல் ஒப்புக்கொண்டார். பிள்ளை வாத்தியார் யோசனை மட்டும் தன்னுடையது என்று கடைசி வரை சாதித்தார். திண்ணைப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளை ஞாபகம் வரும். வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் பெரிய பையன். மணலைப் பார்த்த கண்ணுக்குச் சட்டாம்பிள்ளை தெரியாமல் போயிருப்பானா? எனக்கு நம்பிக்கை இல்லை. பெல்லுக்கு 160 வருஷம் முந்தியே, 1623-இல், பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கர்நாடகத்தின் இக்கேரி போகிற வழியில், ஒரு கோயில் முற்றத்தில் நாலு பையன்கள் மணலில் எழுதி, பாட்டாகச் சொல்லி, வாத்தியாரே இல்லாமல் ஒருவருக்கொருவர் கணக்குக் கற்றுக்கொள்வதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். 1823-இல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் தன் அறிக்கையில், இங்குள்ள பள்ளிகளில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை சிறப்பானது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரிதான் என்ற பொருளில் எழுதினார். வெள்ளைக்கார அதிகாரியே கொடுத்த சான்றிதழ்.

உடனே எல்லாம் நம்மகிட்டேர்ந்துதான் போச்சு என்று வாட்ஸப்பில் கிளம்பிவிட வேண்டாம். 1820-களில் ஆளுநர் தாமஸ் மன்ரோ எடுத்த கணக்கில் மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். அந்தத் திண்ணை எல்லாப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்ட திண்ணை இல்லை. உள்ளே இருந்தவர்களுக்குப் பிரம்படியும் கோதண்டமும் தாராளம்.

உடம்பு கெட்டு 1796-இல் பெல் கப்பல் ஏறியபோது அவரிடம் 25,000 பவுனுக்கு மேல் சேர்ந்திருந்தது. மறுவருஷம் லண்டனில் எழும்பூர் சோதனையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பள்ளிகள்தான் அதைச் செய்து பார்த்தன. அதே சமயத்தில் லண்டன் சதக் பகுதியில் ஜோசப் லாங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, கிட்டத்தட்ட இதே முறைக்கு வந்திருந்தார். பெல் எழுதியதைப் படித்தார், மணலையும் எடுத்துக்கொண்டார், பெல்லைத் தேடிப்போய்ப் பார்க்கவும் செய்தார். முதலில் நட்பு. பிறகு முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை. திருச்சபைக்காரர்கள் பெல் பக்கம், மற்றவர்கள் லாங்காஸ்டர் பக்கம் என்று நாடே இரண்டானது. 1811-இல் திருச்சபை தேசியக் கல்விச் சங்கம் தொடங்கி பெல்லின் முறையை ஊரெங்கும் கொண்டுபோனது. அவர் சாகும்போது 12,000-க்கும் அதிகமான பள்ளிகளில் மெட்ராஸ் முறை நடந்தது என்கிறார்கள்.

அட்லாண்டிக்கைத் தாண்டி முதலில் வந்தது லாங்காஸ்டரின் வடிவம். நியூயார்க்கில் 1806-இல் இலவசப் பள்ளிச் சங்கம் தன் முதல் பள்ளியை அந்த முறையில் திறந்தது. அந்த நகரத்தின் பொதுப் பள்ளிகளுக்கு அதுதான் முன்னோடி. லாங்காஸ்டரே கடனில் மூழ்கி 1818-இல் அமெரிக்கா வந்து, ஊர் ஊராக அலைந்து, 1838-இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதிச் செத்தார். 1820 வாக்கில் நியூ பிரன்ஸ்விக்கில் மெட்ராஸ் பெயரிலேயே பள்ளிகள் வந்தன. நம்ம ரட்கர்ஸ் இருக்கிற நியூ பிரன்ஸ்விக் இல்லை, கனடா மாகாணம்.

ஆனால் இந்தப் பயணத்தில் ஒரு விஷயம் வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. ஆயிரம் பையன்களுக்கு ஒரே ஒரு ஆசிரியர் போதும், செலவு மிச்சம் என்பதுதான் நகரசபைகளின் காதில் விழுந்தது. மணி அடித்தால் ஸ்லேட்டைத் தூக்கு, மணி அடித்தால் இறக்கு. சட்டாம்பிள்ளைக்குப் புரிய வைக்கத் தெரிய வேண்டியதில்லை, அட்டையில் இருப்பதை ஒப்பித்தால் போதும். பள்ளி ஆலையாகிவிட்டது. 1840-களில் இரண்டு நாடுகளிலும் அதைக் கைவிட ஆரம்பித்தார்கள். இன்று ஸ்கூல் போர்டு கூட்டங்களில் புது மென்பொருள் வாங்கும்போது பேசுவதைக் கேட்டால், ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற அதே ஆசை வேறு வார்த்தையில் எட்டிப்பார்க்கிறது. பெல்லுக்கும் இதில் பங்கு உண்டு. ஏழைப் பிள்ளைகள் வாசித்தால் போதும், எல்லாரும் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டியதில்லை என்று எழுதியவர் அவர். ஃப்ரிஸ்கனிடமும் ஸ்மித்திடமும் அவ்வளவு பார்த்த மனிதர் எப்படி இதை எழுதினார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசிக் காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிகளைப் பார்வையிட்டு, ஆசிரியர்களோடு சண்டை போட்டு, தன் முறையிலிருந்து அணுவளவு விலகினாலும் கடிந்துகொண்டு திரிந்தார். கல்யாணம் ஆறு வருஷத்தில் முறிந்தது. 1832 ஜனவரியில் செல்ட்டனமில் இறந்தார். சேர்த்த 1,20,000 பவுனைப் பெரும்பாலும் ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கே விட்டுப்போனார். அந்தப் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். இன்றும் நடக்கிறது. மெட்ராஸுக்கு அதில் ஒன்றும் வரவில்லை. குதிரையை நிறுத்திப் பார்த்த அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயரையும் பெல் சொல்லவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. தமிழ்ப் பிள்ளைகளின் மணல் எழும்பூர்க் கோட்டைக்குள் போனது, ஆனால் அதில் எழுதப்பட்டது ஆங்கில எழுத்து. அந்தப் பையன்கள் அம்மாவின் மொழியிலிருந்து விலகத்தான் அந்த மணல் உதவியது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கருவி கிடைப்பதில் பிரச்சினையே இல்லை. தமிழ் எழுத்துக்கு எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. ஆனால் தமிழில் பேச எதிரே ஓர் ஆள் வேண்டும். அதைச் செயலி தருவதில்லை, வீட்டில் நாமும் ரொம்பத் தருவதில்லை.

நான் உதவிக்குப் போகிற ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட். தத்துவம் ஒன்றும் இல்லை, காசு இல்லை. அதனால் சண்டை, சத்தம், இழுபறி, எல்லாம் பாதித் தமிழில். ஹைஸ்கூல் பிள்ளைகள் வாலண்டியர் ஹவர்ஸுக்காக வந்து சின்னதுகளோடு உட்காருகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு பெண் வீட்டிலிருந்து பேக்கிங் ட்ரே கொண்டுவந்தாள். ஹோம் டிப்போவில் விற்கிற ப்ளே சாண்ட் ஒரு மூட்டை வாங்கிக் கொட்டினோம். ஆறு வயதுப் பையன் ஒருவன் ழகரத்தின் சுழியை ஏழெட்டு முறை அழித்து எழுதினான். அந்தப் பெண்ணுக்கே ழ வாயில் சரியாக வராது. பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று இப்போது அவன் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்னும் நாலு ட்ரே தேவைப்படுகிறது.