அஞ்சல் பையில் தொடங்கிய வான்வழி

ஸ்ரீபெரும்புதூர் வட்டார ஆலைகளில் உருவாகும் கைப்பேசிகள் இன்று சென்னை விமான நிலையம் வழியே உலகச் சந்தைகளுக்குப் பறக்கின்றன. சென்னைக்கான இந்த வான்வழி 1932-இல் ஓர் அஞ்சல் பையோடு தொடங்கியது. தொடங்கியவர் ஜே.ஆர்.டி. டாடா.

1904-இல் பாரிஸில் பிறந்த அவர், ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த பிளேரியோவைச் சிறுவயதில் அருகிருந்து கண்டவர். 1929-இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். லண்டனிலிருந்து கராச்சி வந்த அஞ்சலைத் தெற்கே கொண்டுசெல்ல நெவில் வின்சென்ட்டுடன் திட்டம் வகுத்தார். அரசு மானியம் தர மறுத்தது, மானியமின்றியே முன்வந்தார்.

1932 அக்டோபர் 15 அன்று, ஒற்றை எஞ்சின் விமானத்தில் சுமார் 25 கிலோ அஞ்சலுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே பறந்தார். வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியே சென்னை சேர்த்தார். பம்பாயின் ஜூஹு மண்தளம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். ஆயினும் முதலாண்டு முழுவதும் சேவை நேரம் தவறவில்லை.

அவர் வளர்த்த நிறுவனம் 1953-இல் நாட்டுடைமையானது. தலைவராகத் தொடர்ந்த அவரை 1978-இல் அரசு நீக்கியது. 1982-இல், 78 வயதில், அதே கராச்சி–பம்பாய்ப் பயணத்தை மீண்டும் மேற்கொண்டார். 1993-இல் மறைந்தார். ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குத் திரும்பியது 2022-இல்தான்.

பரந்தூரில் புதிய விமான நிலையம் பற்றி இன்று விவாதிக்கிறோம். நிலமும் நிதியும் ஓடுதளத்தைத் தரலாம். நம்பகத்தன்மையை நேரந்தவறாத உழைப்பே தரும்.