ஹென்றி ராய்ஸ் – பழைய வண்டி புகட்டிய பாடம்

ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் பெயரைக் கேளாதார் அரியர். நம் நாட்டுச் சமஸ்தான மன்னர்களின் அரண்மனை வாயில்களில் அணிவகுத்து நின்ற வண்டிகள் அவை. செல்வத்தின் சின்னமாக விளங்கிய அவ்வண்டியை ஆக்கியவரோ, வறுமையில் பிறந்து பட்டறையில் வளர்ந்த ஒரு தொழிலாளி. அதன் வரலாறு தொடங்கியதும், பிறர் ஓட்டிக் கழித்து விற்ற ஒரு பழைய மோட்டார் காரிலிருந்தேயாகும்.

ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27 அன்று இங்கிலாந்தில் ஆல்வால்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு அரைக்கும் ஆலை நடத்தி நொடித்தவர். மகனுக்கு ஒன்பது வயது நிரம்பியபோது அவரும் மறைந்தார். சிறுவன் லண்டன் தெருக்களில் செய்தித்தாள் விற்றான். தந்தி கொண்டு சென்றான். பள்ளிப் படிப்பு மிகச் சொற்பமே. அத்தை ஒருவர் பணம் கட்ட முன்வந்ததால், 1878-இல் பீட்டர்பரோ நகரத்து ரயில்வே பட்டறையில் தொழில் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. மூன்றாண்டுகளில் அத்தையின் கைப்பொருளும் தீர்ந்தது. பயிற்சி பாதியில் நின்றது. ஆயினும் அரத்தையும் உளியையும் பிடித்த கை அவற்றை விடவில்லை.

1884-இல் இருபத்தொரு வயதில், தாம் சேர்த்த 20 பவுனுடன், கிளேர்மாண்ட் என்னும் நண்பரைப் பங்காளியாகக் கொண்டு மான்செஸ்டர் நகரில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். மின்சார மணிகளில் தொடங்கிய தொழில், டைனமோவும் பளுதூக்கி இயந்திரமும் செய்யும் அளவிற்கு வளர்ந்தது. ஆனால் நூற்றாண்டின் திருப்பத்தில் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவான பளுதூக்கிகள் வந்து குவிந்தன. வாணிகம் தளர்ந்தது. தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க ராய்ஸின் மனம் இடந்தரவில்லை. உணவும் உறக்கமும் மறந்து உழைத்ததில் உடலும் நலிந்தது. ஓய்விற்காகக் கடற்பயணம் சென்றபோது, மோட்டார் வண்டியின் அமைப்பையும் பேணும் முறையையும் விளக்கும் நூல் ஒன்றைப் படித்தார் என்பர்.

1903-இல் டெக்காவில் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். இரண்டு சிலிண்டரும் பத்துக் குதிரைத் திறனும் கொண்ட அது, அக்காலத்து நல்ல வண்டிகளில் ஒன்றே. ஆயினும் அதன் இரைச்சலும் அதிர்ச்சியும் தொல்லைகளும் ராய்ஸுக்கு உவப்பாக இல்லை. வேறொருவராயின் வைதுவிட்டு விற்றிருப்பர். அன்றி, பழுதான இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டு ஓட்டியிருப்பர். ராய்ஸோ வண்டியைப் பட்டறைக்குக் கொணர்ந்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். இவ்வுறுப்பு ஏன் இவ்வடிவில் உள்ளது, எங்குத் தேய்கிறது, ஏன் ஒலிக்கிறது என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். பழுது தோன்றிய இடம் ஒன்று, பழுதின் காரணம் மற்றொன்று என்பதை அறிந்தவர் அவர்.

அந்த ஆராய்ச்சியின் முடிவில், தாமே மூன்று கார்களைச் செய்வது எனத் துணிந்தார். வாணிகம் தளர்ந்திருந்த வேளையில் கைம்முதலைப் புதிய தொழிலில் இறக்குவது எளிய செயலன்று. பழைய வண்டியின் பொதுவமைப்பை அவர் வீம்புக்காக மாற்றவில்லை. கார்புரேட்டரைச் செப்பம் செய்தார். தீப்பொறி தரும் மின்னமைப்பைத் தம் மின்தொழில் அறிவால் திருத்தினார். புகைபோகும் ஒலியை அடக்கினார். 1904 ஏப்ரல் முதல் நாளன்று அவருடைய முதற்கார் பட்டறையை விட்டு வெளிவந்தது.

அதே ஆண்டு மே 4 அன்று, லண்டனில் கார் விற்பனை நடத்திவந்த பிரபுவின் மகன் சார்லஸ் ரோல்ஸ், மான்செஸ்டருக்கு வந்து ராய்ஸைச் சந்தித்தார். இரண்டு சிலிண்டர் வண்டி இத்துணை அமைதியாக ஓடுமோ என வியந்தார். உழைப்பும் செல்வமும் கைகோத்தன. 1907-இல் அவர்களுடைய ‘சில்வர் கோஸ்ட்’ வண்டி, ராயல் ஆட்டோமொபைல் கழகத்தாரின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓடிற்று. பெட்ரோல் குழாயின் திருகு அதிர்ச்சியில் தானே மூடிக்கொண்டதால், வழியில் ஒரு முறை நின்றதே அதன் குறை. ஓட்டம் முடிந்தபின் வண்டியைப் பிரித்துச் சோதித்தனர். தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பிக்க வேண்டிய செலவு இரண்டு பவுனுக்குச் சற்றே மிகுதி எனக் கண்டனர்!

1910-இல் ரோல்ஸ் விமான விபத்தில் மாண்டார். அடுத்த ஆண்டே ராய்ஸ் கடும் நோயுற்றார்; அவர் பிழைப்பது அரிதென மருத்துவர் கருதினர். எனினும் மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தொழிற்சாலையை விட்டுத் தொலைவில், கடற்கரை இல்லத்திலிருந்தே படங்கள் வரைவித்தும் கடிதங்கள் எழுதியும் பணியை நடத்தினார். ஒவ்வோர் ஆணியின் அளவுவரை விளக்கிய அக்கடிதங்கள், இளம் பொறியாளர்க்கு வழிகாட்டியாகத் தொகுத்து நூலாகக் கட்டப்பெற்றன. 1919-இல் அட்லாண்டிக் கடலை முதன்முதல் எங்கும் இறங்காமல் கடந்த விமானத்தைச் சுமந்தவை, அவர் வகுத்த ‘ஈகிள்’ எஞ்சின்களே. 1930-இல் அரசு அவருக்குப் பட்டம் அளித்தது. அவரோ தம்மை மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதிலேயே பெருமை கொண்டார். 1933 ஏப்ரல் 22 அன்று மறைந்தார்.

இன்று நம் குடியிருப்பிலும் பழைய அம்பாஸடரையோ பியட்டையோ பிரியமாகப் பேணி வரும் அன்பர் சிலர் இருக்கக்கூடும். அவற்றின் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. பட்டறைக் கையேட்டை விரித்து வைத்து, கழற்றிய திருகுகளை வரிசையாகத் தட்டில் அடுக்கி, தந்தையார் வேலை செய்யும்போது, பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கட்டும். கையில் எண்ணெய் படட்டும். பட்டம் பெறாத ஒரு சிறுவன் உலகம் போற்றும் பொறியாளன் ஆனது, பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, காரணம் கண்டு, முன்னிலும் செம்மையாகப் பூட்டும் அந்த ஒரு பழக்கத்தாலன்றோ!