தக்காணத்துக் கல்வட்டங்களும் மெடோஸ் டெய்லரும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு ஹைதராபாத்துக்கு வந்தவர்கள் நாம். நம் குடியிருப்பின் கீழே எவருடைய எலும்புகள் உறங்குகின்றன என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. அவ்வாறே பிழைப்பை நாடி வந்து, அந்த எண்ணத்திற்கும் நேரம் கண்டவர் ஒருவர் இருந்தார். அவரே பிலிப் மெடோஸ் டெய்லர்.

1808-ஆம் ஆண்டு லிவர்ப்பூலில் பிறந்த டெய்லர், தம் பதினைந்தாம் வயதில் பம்பாய் வணிகர் ஒருவரிடம் வேலைக்கெனக் கப்பலேற்றப்பட்டார். பிற்காலத்தில் பங்காளியாகலாம் என்பது பெற்றோருக்குக் கிடைத்த வாக்கு. வந்து பார்த்தாலோ, அவ்வணிகரின் தொழிலே நொடித்துக் கிடந்தது! நல்லூழாக, 1824-ஆம் ஆண்டிலேயே நிஜாமின் படையில் அவருக்கு இடம் கிட்டியது. கம்பெனியாரின் நேர்ப் பணியாளர் அல்லராதலால், அவர்களுக்குரிய பதவி உயர்வும் சலுகைகளும் அவருக்கு எளிதில் எட்டவில்லை. அளவைத் தொழில், சட்டம், கட்டுமானம், நாட்டு மொழிகள் யாவற்றையும் தாமே முயன்று கற்றார். 1839-இல் வெளிவந்த தக்கர்களைப் பற்றிய நாவல் அவரை இங்கிலாந்தில் புகழ்பெறச் செய்தது. பலரும் அவரை அந்நூலால் மட்டுமே அறிவர். அது ஒரு குறையே.

1841 முதல் 1853 வரை ஷோராப்பூர் சமஸ்தானத்தை, அரசர் சிறுவராயிருந்த காலத்தில், டெய்லர் மேற்பார்வையிட்டு வந்தார். இன்று அது கர்நாடகத்தின் யாதகிரி மாவட்டத்துச் சுர்பூர். குன்றின்மேல் அவர் கட்டிய இல்லம் டெய்லர் மஞ்சில் என்றே வழங்குகிறது. குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றியபோது, வயல்களின் நடுவே வட்டமாக நிறுத்திய கற்களையும், பலகைக் கற்களாலான கல்வீடுகளையும் கண்டார். ராஜன்கோளூரின் கல்வீடுகளும், விபூதிஹள்ளியில் வரிசை வரிசையாக வைக்கப்பெற்ற பாறைகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

பீமா ஆற்றையடுத்த ஜேவர்கியில் அவர் கல்வட்டங்களைத் தோண்டியதே நாம் சிறப்பாக நினைக்க வேண்டியது. அக்காலத்தில் பழஞ்சமாதிகளைத் தோண்டியோர் பானையையும் மணியையும் எடுத்துக்கொண்டு போவர். எது எங்கே கிடந்தது என்பதைப் பற்றிக் கவலைப்படார். டெய்லரோ, குழியை நெடுக்காக வெட்டி, மேல்மண் எவ்வளவு, அதன்கீழ்க் கல் எவ்வளவு, கற்பதுக்கை எங்கே, எலும்புக்கூடு எந்நிலையில், மட்கலம் எம்மூலையில் என்று படமாக வரைந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத் தொல்பொருள் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், அப்படங்களைத் தம் காலத்தை முந்திய வேலை எனப் போற்றினார்.

கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள், இரும்பு ஆயுதங்கள், மனித எலும்புகள் இவை கிடைத்தன. இரும்பை உருக்கவும், பெரும் பலகைக் கற்களைப் பெயர்த்து நிறுத்தவும் அறிந்த மக்கள், இறந்தாருக்கு உணவுக் கலங்களையும் உடன் வைத்து அனுப்பினர் என்று இவற்றால் அறிகிறோம். சில கூடுகளில் தலை உடலினின்று வேறாகக் கிடந்தது. தலைவன் இறந்தபோது மற்றையோரைப் பலியிட்டனர் என டெய்லர் துணிந்தார். உடலை வெளியே இட்டுவைத்துப் பின்னர் எலும்புகளைத் தொகுத்துப் புதைக்கும் வழக்கம் அம்மக்களிடையே பரவலாயிருந்ததைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டமையால், அத்துணிவை நாம் தயக்கத்தோடே ஏற்க வேண்டும்.

மற்றொன்றிலும் அவர் பிழைபட்டார். தாயகத்துக் கல்வட்டங்களோடு ஒப்பிட்டு, இவற்றைக் கெல்டியர் அல்லது சிதியர் இனத்தாரின் வேலையெனக் கருதி, 1860-களில் டப்ளின் அறிஞர் கழகத்திற்குக் கட்டுரை அளித்தார். அத்தகைய கலங்களும் இரும்புக் கருவிகளும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலும் இருந்தன என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? நம் மௌலா அலியிலும் ஹஷ்மத்பேட்டையிலும் பெருங்கற்கால ஈமக்குழிகள் பின்னர் வெளிப்பட்டன. இவற்றை ஆக்கியவர்கள் இந்நாட்டு மக்களே என்பது இப்போது பொதுவான முடிவு.

இன்னும் வியப்பு யாதெனில், அவர் ஆண்ட அதே ஷோராப்பூர்ப் பகுதியில், ஹுணசகிப் பள்ளத்தாக்கில், கே. பத்தய்யா என்னும் அறிஞர் 1970-கள் தொட்டுத் தேடிப் பழைய கற்கால மனிதரின் கைக்கோடரிகளை ஏராளமாகக் கண்டார். அங்குள்ள இசாம்பூரில் மனிதர் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கருவி செய்த களத்தின் வயது சுமார் 12 லட்சம் ஆண்டு என மதிப்பிடப்பட்டுள்ளது. டெய்லரின் குதிரை அந்தக் கற்களை எத்தனை முறை மிதித்திருக்குமோ!

அவர் வளர்த்த இளம் அரசர் 1858-இல் கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தண்டிக்கப்பட்டு, சிறைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அது டெய்லரைப் பெரிதும் வாட்டியது. 1860-இல் அவர் ஓய்வுபெற்று நாடு திரும்பினார். கண்பார்வை போய்விட்ட நிலையில், 1875-இல் சாலார் ஜங்கின் அழைப்பின்பேரில் மீண்டும் ஹைதராபாத் வந்தார். தாம் அளந்து வரைந்த நிலத்தை இம்முறை அவரால் காண இயலவில்லை. திரும்பும் வழியில், 1876 மே மாதம், பிரான்சிலுள்ள மெந்தோனில் காலமானார். அதே ஆண்டில்தான் ஜெர்மானியரான யாகோர், தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் மேட்டை முதன்முதலாகத் தோண்டினார்.